நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. மூக்குத்திக்கு ஒரு திருகாணி வாங்கப் போனேன். திருகாணியைவிட டைரி கனமாக இருந்தது. ஆறு மாதமாக அரிசி டப்பாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததை இன்று உருவி எடுத்ததற்குக் காரணம், எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும். நூலகத்தில் கத்த முடியாது. ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு எழுதி மாட்டியதே நான்தான்.

எங்கள் கிளை நூலகத்தில் பச்சை அட்டை போட்ட மூலிகைப் புத்தகம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. ‘அந்தப் பச்சப் புத்தகம்’ என்றால் போதும். பதினெட்டு வருஷமாக நான் அதை வைத்துக்கொண்டு பாதி டாக்டராகவே வாழ்ந்துவிட்டேன். மூக்கில் ரத்தம் வருகிறதா, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அருகம்புல் சாறு. சொறியா, அதே பக்கம், புல்லை எண்ணெயில் போட்டுக் காய்ச்சு. மூலமா, அதே பக்கம், அரைத்துப் பாலில் கலக்கு. பெரும்பாடா, அதாவது பெண்களுக்கு நாள் கணக்கில்லாமல் போகிற உதிரமா, அதே பக்கம், கடைசி வரி. புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லுவேன். வாசகர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இன்று ஒரு வாசகிக்காக அந்தக் கடைசி வரியைச் சரிபார்க்கலாம் என்று திறந்தால், நூற்றுப் பத்துக்குப் பிறகு நூற்றுப் பதிமூன்று. நடுவில் இருந்த தாளை எவனோ, அல்லது எவளோ, பிளேடு வைத்து அத்தனை சுத்தமாக அறுத்து எடுத்திருக்கிறான். புத்தகத்தில் எழுதினாலே குற்றம் என்று இன்னொரு போர்டு வைத்திருக்கிறேன். அறுத்தால் என்ன தண்டனை என்று போர்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது அச்சில் ஏற்றக்கூடிய தண்டனையாக இருக்காது.

வாசகியின் பெயர் இங்கே அவசியமில்லை. வயது நாற்பத்தெட்டு, கண்ணாடி போட்டவள், நூலகச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

இருபத்து மூன்றாம் நாள்.

ஜூன் 6, வியாழன்

பக்கம் போனால் என்ன, புல் இருக்கிறதே. நூலகத்தின் பின்பக்கம், குழாயடியில், யாரும் விதைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பாய் விரித்த மாதிரி அருகம்புல். எட்டு மணிக்கு முன்னாலேயே போய்க் காய் நறுக்கும் கத்தியோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் எதிரி வந்துவிட்டார். பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டும் கொம்பையா அண்ணாச்சி. இந்தப் புல்லை அவர்தான் பல வருஷமாக அறுத்துக்கொண்டிருக்கிறாராம். அரசாங்க இடத்தில் அவருக்குப் பட்டா யார் கொடுத்தது என்று கேட்டேன். அவர் கோபப்படாமல், இடுப்பில் இருந்த நார்க்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“யக்கா, புள்ளையாருக்கே ஒரு முழந்தான் தேறுது. நீங்க கத்தியத் தூக்கிட்டு வந்து இப்பிடி வழிச்சு எடுக்கீய. அவரு என்ன செய்வாரு?”

“பிள்ளையாருக்கு உடம்புக்கு என்ன அண்ணாச்சி? நல்லா கல்லு மாதிரிதான இருக்காரு. எனக்குத்தான்...” என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வடக்குப் பக்கம் பூராவும் நீங்க எடுத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுத் தெற்குப் பக்கம் போய் உட்கார்ந்தார். சண்டையில் ஜெயித்தவள் நான்தான். ஆனாலும் எரிச்சலாக இருந்தது. எனக்கு இரக்கம் காட்டச் சொல்லி யார் கேட்டார்கள்?

ஜூன் 7, வெள்ளி

நூலகத்துக்கு விடுமுறை. எனக்கு இல்லை.

புல்லைக் கழுவ மூன்று தண்ணீர். அரைத்தால் மிக்ஸி பிளேடில் நார் சுற்றிக்கொண்டு அழுகிறது. வடிகட்டினால் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர். மாடு இதைத் தின்றுவிட்டு ஏன் இத்தனை நிதானமாக இருக்கிறது என்று இப்போது புரிகிறது. கோபப்பட அதற்குத் தெம்பு கிடையாது.

என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டயர் பிரிவு, மிக்ஸியைப் பார்த்துவிட்டுக் கொதித்தார். இருபது வருஷ மிக்ஸியாம். இருபத்தாறு வருஷப் பெண்டாட்டி காலையில் எதற்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். கேட்காமல் சொல்வதற்கு இது என்ன ரேடியோச் செய்தியா?

மிச்சச் சக்கையை மஞ்சளோடு அரைத்து அவர் கழுத்து வேர்க்குருவில் பூசிவிட்டேன். வீணாக்கக் கூடாது.

ஜூன் 11, செவ்வாய்

கழுத்து சுத்தமாக ஆறிவிட்டது. அரிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. இனி பணிமனையில் உள்ளவர்கள் பாவம். “புல்லுக்கு மிஞ்சின மருந்து கெடையாதுல்லா” என்று காலையில் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார். நேற்றுவரை மிக்ஸிக்கு வக்காலத்து வாங்கியவர்.

அவருக்கு நாலே நாளில் கேட்டிருக்கிறது. ஒரே புல், ஒரே மிக்ஸி, ஒரே கை. ஆம்பளை என்றால் புல்கூடப் பயப்படுகிறது போல.

முப்பது.

இந்த டைரிக்கு நடுவில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். போன மாதக் கடைசியில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. ஸ்கேன் ஒன்று, உள்ளே கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனை ஒன்று, ரத்தம் ஒன்று. நான் அதைச் செய்யவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், செய்யத்தான் போகிறேன். ஆனால் அன்று அந்த அம்மாள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. கதவு திறந்து கிடக்கிறது, வெளியே பெஞ்சில் ஆறு பேர். பங்குனியிலேயே ஒருதரம் பதினெட்டு நாள் போயிருக்குன்னு சொல்றீங்க, இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க, படிச்சவங்கதானே, லைப்ரரியில வேற இருக்கீங்க. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தி எங்கள் உறுப்பினர். வாரப் பத்திரிகையை வீட்டுக்குக் கேட்டு நான் கொடுக்காத ஆத்திரம் அவளுக்கு உண்டு. அவள் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதனால் புல். புல் என்னிடம் படிச்சவதானே என்று கேட்காது.

ஜூன் 15, சனி

பச்சைப் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி உண்டு. ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரவல் அட்டைகள் இருக்கும் பெட்டியைத் துழாவினால் உறுப்பினர் எண் 1147, தெய்வானை, கொக்கிரகுளம். போன நவம்பரில் எடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வந்து ஆறு முறை புதுப்பித்திருக்கிறாள். பிப்ரவரியோடு நின்றுவிட்டது. மார்ச்சில் ஒரு நினைவூட்டல் அட்டை, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று, மூன்றும் என் கையெழுத்தில். மூன்றாவதில் ‘இறுதி’ என்று சிவப்பில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இந்தத் தைரியத்தைப் பாருங்கள். ஒருத்தி பக்கத்தை அறுக்கிறாள், ஒருத்தி புத்தகத்தையே விழுங்குகிறாள். முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. வாசகர்களின் முகத்தைவிட அவர்கள் பக்கத்தை மடிக்கிற விதம்தான் எனக்கு ஞாபகம் நிற்கும்.

உதவியாளர் மேரி புஷ்பத்திடம், நானே நேரில் போய் மீட்டு வருகிறேன் என்றேன். அரசாங்கச் சொத்து.

“ஒரு பழைய புத்தகத்துக்காகவா அக்கா வெயில்ல போறீய?” என்றாள்.

கொள்கை என்றேன். அந்தக் கடைசி வரியில் எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கவும்தான். இருபது நாளா, நாற்பது நாளா? மற்ற எல்லா நோய்க்கும் அளவு போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இதற்கும் போட்டிருப்பார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

நூலகத்து ஏணி சரியில்லை. மூன்றாவது படியில் நிற்கும்போது ஆடிவிட்டது. அலமாரியும் ஆடியது. ஜன்னலும் ஆடியது. மேரி புஷ்பம் பிடிக்காவிட்டால் வரலாற்றுப் பிரிவோடு சேர்ந்து நானும் கீழே வந்திருப்பேன்.

என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஏணிக்கு என்ன அக்கா?” என்றாள்.

ஏணிக்குப் புதிது கேட்டு எழுதிப் போட வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

சாயந்திரம் கொக்கிரகுளம் போனேன். போகிற வழியெல்லாம் தெய்வானையிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மூணு கார்டு போட்டும் பதில் போட உங்களுக்குக் கை வலிக்கிறதோ, என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

வாசலில் உடைந்த சிமெண்டுத் தொட்டி. அதில் அருகம்புல் தழைத்து வழிந்தது. ஒரு பெரியவர் செம்பில் தண்ணீர் மொண்டு அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் சிவனணைந்தபெருமாள் என்றார், மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் இருந்து வருகிறேன் என்றதும் செம்பைக் கீழே வைத்துவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி கைகளை வேட்டியில் துடைத்தார்.

“கார்டு மூணும் வந்துச்சும்மா. பதிலு எழுதத்தான் உக்காந்தேன். அவ இல்லன்னு எழுதணும்லா. எழுத வரல.”

நான் வாசலிலேயே நின்றேன். அவர் உள்ளே கூப்பிட்டார். சுவரில் படம், மாலை இன்னும் புதுசாக இருந்தது. அப்போது முகம் ஞாபகம் வந்தது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள். ஆம்பளைகள் யாரும் பக்கத்தில் நிற்காமல் இருந்தால்தான் வாயைத் திறப்பாள்.

ஐந்து மாதம் ரத்தம் போனதை அவள் சொல்லவே இல்லையாம். மாசி மாதம் ஒருநாள் குளியலறையில் விழுந்த பிறகுதான் இவருக்குத் தெரியும். கர்ப்பப்பையில் புற்று. திருவனந்தபுரம் வரை கொண்டு போயிருக்கிறார். ஒரு ஆறு மாசம் முந்திக் கூட்டியாந்திருந்தா என்று அங்கே சொன்னார்களாம். சித்திரை பிறந்து மூன்றாம் நாள்.

புத்தகத்தை எடுத்துவந்தார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முனைகளை மடித்து ஒட்டியிருந்தது. நூலகப் புத்தகத்துக்கு அட்டை போட்ட ஆளை என் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

“நீங்கதான் எடுத்துக் குடுத்தியளாம். லைப்ரரியம்மா பக்கத்தையே மனப்பாடமாச் சொன்னாகன்னு அவ்வளவு பெருமையாச் சொல்லுவா. பத்திரமா வச்சிருந்தா, பாத்துக்கிடுங்க.”

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நன்றி சொல்கிற தோரணையில்தான் சொன்னார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கடைசி வரிக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். சாறு குடித்த நாளுக்கு ஒரு கோடு. அழுத்தாமல், அழித்தால் போய்விடுகிற மாதிரி. தொண்ணூற்று நான்கு. அறுபதுக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ‘இன்று கொஞ்சம் கம்மி.’

அந்தக் கடைசி வரியில் நாள் கணக்கு எதுவும் போடவில்லை. ‘அருகம்புல் சாறு அருந்திவரப் பெரும்பாடு தீரும்.’ அவ்வளவுதான். சொறிக்கு எத்தனை நாள், மூக்கு ரத்தத்துக்கு எத்தனை சொட்டு என்று எழுதத் தெரிந்த மனுஷனுக்கு இதற்கு ஒரு எண் எழுதத் தெரியவில்லை. தீராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு வருஷமாக இந்த வரியைத்தான் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ஸ்கேன் சீட்டை வீடு முழுக்கத் தேடினேன். இந்த டைரியிலேயேதான் இருந்தது.

அதை எடுக்கும்போது பழைய பக்கங்களையும் பார்த்தேன். இருபத்து மூன்று. முப்பது. நான் பேனாவால் போட்டிருக்கிறேன், அவள் பென்சிலால் போட்டிருந்தாள். வேறு வித்தியாசம் தெரியவில்லை.

இன்று நாற்பது.

ஜூன் 22, சனி

காலையில் மிக்ஸி ஓடவில்லை என்று கவனித்துவிட்டு வந்தார் குத்தாலிங்கம். புல் எங்கே, கழுத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தாயா என்றார். சொன்னேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், நாள் கணக்கோடு சொன்னேன்.

கையில் இருந்த துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“ஏன் செல்வி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?”

“நீ பாட்டுக்குக் காலைல புல்லக் குடிச்சா நான் என்னன்னு நெனைப்பேன்? எல்லாப் பொம்பளையும் எதையாவது குடிக்காளுவன்னு நெனச்சேன்.”

“மிக்ஸிக்கு வலிக்குன்னு மட்டும் தெரிஞ்சுதுல்லா?”

அதைச் சொன்னதில் எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லப் போனைக் கையில் எடுத்தவர், மேலதிகாரியிடம் என்ன காரணம் சொல்வது என்று திணறினார். கடைசியில் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றார். காய்ச்சலை மட்டும்தான் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது இந்த ஊரில். தெய்வானை வீட்டிலும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 24, திங்கள்

அதே டாக்டரம்மா. அதே பெஞ்ச். இந்தத் தடவை உள்ளே போனதும் கதவை நானே சாத்தினேன். குத்தாலிங்கம் வெளியே நிற்கப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன்.

ரத்தம் ஆறு புள்ளி எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். இதை வைத்துக்கொண்டு ஏணி ஏறினீர்களா என்று கேட்டார்கள். கட்டி தெரிகிறது. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வரப் பத்து நாள். அதுவரை என்ன கட்டி என்று பெயர் சொல்ல மாட்டார்களாம்.

புல் குடித்ததையும் சொல்லிவிட்டேன். கத்தப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“புல்லு உங்கள ஒண்ணும் பண்ணலம்மா. புல்ல நம்பி நாள் போச்சே, அதுதான்.”

மெதுவாகத்தான் சொன்னார். போன மாதம் கத்தியபோது வராத பயம் அப்போதுதான் வந்தது.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குத்தாலிங்கத்தின் பணிமனையில் இருந்து இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். டயர் பிரிவு. இனி நான் பஞ்சர் ஆக மாட்டேன் என்று மேரி புஷ்பத்துக்குப் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 29, சனி

உட்கார்ந்தே செய்கிற வேலை மட்டும் என்ற நிபந்தனையில் நூலகத்துக்கு வந்தேன்.

தெய்வானையின் அட்டையை எடுத்தேன். ‘திரும்பப் பெறப்பட்டது’ முத்திரை குத்தினேன். உறுப்பினர் நீக்கம் என்ற கட்டத்தில் குத்தவில்லை. மேலிடத்தில் கேட்டால் நான் மறந்துவிட்டேன்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விதிப்படி பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். ரப்பரை எடுத்தேன். அப்புறம் ரப்பரை மேஜைக்குள் போட்டுவிட்டு, பேனாவைத் திறந்தேன். தலைக்கு மேலே என் போர்டு: ‘புத்தகத்தில் எழுதுவது குற்றம்.’

மேரி புஷ்பம் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்களா?”

“நானேதான். புகார் எழுதணும்னா எழுது.”

அவள் முத்திரை மையை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ஜூலை 4, வியாழன்

ரிசல்ட் வந்தது. கெட்டது இல்லை. ஆனாலும் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ஆடி கழிந்து தேதி. ஆடியில் ஆபரேஷன் வேண்டாம் என்று குத்தாலிங்கம்தான் பிடிவாதம். டாக்டரம்மாவிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ரத்தம் ஏற வேண்டும் என்பதால் விட்டுக்கொடுத்தார்களாம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் கெட்டது இல்லை என்ற காகிதத்தைக் கையில் வாங்கும்போது, இன்னொருத்திக்கு வேறு காகிதம் கொடுத்தார்களே என்று ஆத்திரம்தான் முதலில் வந்தது. என் புத்தியால் நான் பிழைக்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிவரப் போன வீறாப்பில் பிழைத்தேன்.

பதினொரு மணிக்குக் கொம்பையா அண்ணாச்சி நூலகத்துக்குள் வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார், கோயில் ஞாபகம். தென் பக்கம் புல் குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, ஒரு பச்சைப் புத்தகம் இருக்காமே என்றார்.

“யாருக்கு அண்ணாச்சி?”

“வீட்ல கேட்டா.” அவ்வளவுதான் சொன்னார்.

மூக்கு ரத்தமா, மூலமா என்று நான் ஒப்பிக்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட பிரதியை எடுத்து, பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன். முதலில் இதைப் படியுங்கள் என்றேன். அவர் விரலை வைத்து, பென்சில் கோடுகளைத் தாண்டி, நீல மையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

‘உதிரம் ஏழு நாளைக்கு மேல் போனால் புல்லைப் பிள்ளையாருக்கு விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவும். கூச்சப்பட வேண்டாம். இப்படிக்கு, நூலகர்.’ கீழே அரசாங்க முத்திரை, வட்டமாக, கொஞ்சம் கோணலாக.

இரண்டாம் முறை மனதுக்குள் வாசித்தார். புத்தகத்தை மூடவில்லை.

“ஏழு நாளா? அவளுக்கு வைகாசிலேர்ந்து இருக்கேக்கா.” வரியில் விரலை வைத்தபடியே, “பொம்பள டாக்டரு எந்தத் தெருவுல?”

மேஜையில் காலித்தாள் இல்லை. நினைவூட்டல் அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் விலாசம் எழுதினேன். அடியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘கத்துவார்கள். கண்டுகொள்ள வேண்டாம்.’ ‘இறுதி’ என்பதற்குப் போடுகிற சிவப்பு அடிக்கோட்டை, ‘இன்றே’ என்று எழுதி அதற்குக் கீழே போட்டேன்.